தீபாவளிக்குள் பன்னிரண்டு புது கேம்

செங்கம் சாலையில் நான் வேலை பார்க்கும் வீடியோ கேம் கடைக்கு இன்று ஓனர் அண்ணனின் மச்சான் வந்தார். கடையில் பாதிப் பணம் அவர் போட்டது.

நான்கு டிவியும் அணைந்து கிடந்தன.

"இன்னைக்கும் ஒருத்தனும் வர்லியா?"

"புது கேம் வந்தாதானே மச்சான் பசங்க வருவாங்க. கேம் கம்பெனிக்காரன் புதுசா எதையும் வெளிய விட மாட்றான்," என்றார் அண்ணன்.

"பௌர்ணமியே மாசாமாசம் வருது. உன் கம்பெனிக்கு என்னா வந்துச்சு? எல்லாத்தையும் வித்துட்டு செல்போன் கடை வைப்போம்."

அண்ணன் என்னிடம், "இந்த வருசம் இன்னும் எத்தினி வருதுனு பாத்து சொல்லும்மா," என்றார்.

இணையத்தில் தேடினேன். வருடக் கடைசி வரை இரண்டே கேம்தான், இரண்டும் தீபாவளிக்கு முன்பே. அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர்களே நம்பிக்கை இழந்து பங்குகளை விற்கிறார்களாம். எட்டாவதோடு நின்ற நான் அந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

கடையில் நான் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசுவதில்லை. என்னோடு பேசுவது, நான் இங்கே எழுதுவதைப் படித்துப் பதில் போடும் நீங்கள்தான். கடை போனால் இந்தக் கம்ப்யூட்டரும் போய்விடும்.

"தீபாவளிக்குள்ள பன்னெண்டு வருதுங்க," என்றேன்.

மச்சான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேசாத பொண்ணு, பொய் சொல்லாது. சரி, தீபாவளி வரைக்கும் பாக்கலாம்." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரையில் இருந்த இரண்டு கேமையும் எட்டிப் பார்த்த அண்ணன் டீ குடிக்கப் போனார்.

இப்போது கடையில் நான் மட்டும்தான். பத்து கேம் குறைகிறது. இல்லாத கேமுக்கு நல்ல பெயர் ஏதாவது தோன்றினால் கீழே எழுதுங்கள்.