தியெஷெங் வெறுங்காலோடு நின்ற தண்ணீர்

மாவ்லினுக்குத் தன் அண்ணன் தியெஷெங்மேல் வெகுகாலமாக ஒரு கோபம். சீனாவில் போயாங் ஏரிக்கரையில் நத்தைக்கு மருந்தடிப்பது மாவ்லினின் வேலை. அதே நத்தையை உயிரோடு பொறுக்கி நகரத்து ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுப்பது அண்ணனின் பிழைப்பு. நெல்மணி அளவு நத்தைதான். அதிலிருந்து தண்ணீருக்கு வரும் புழு, தோல் வழியே உடம்பில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். அவர்கள் அம்மா வயிறு வீங்கிச் செத்தது அதனால்தான்.

"நான் கொல்றேன், நீ கொண்டுபோய் வளக்கக் குடுக்கிறே. அம்மா ஆவி உன்னைச் சும்மா விடாது."

"வரட்டும், நான் பேசிக்கிறேன். நீ அடிச்ச மருந்துல நத்தை செத்துதோ இல்லையோ, மீனு செத்துது. மொதல்ல அதுக்குப் பதில் சொல்லு."

தியெஷெங் அப்படித்தான், எதையும் சிரிப்பாக்கிவிடுவான். கல்யாணம் கட்டவில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு உண்டு. ஆனால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தண்ணீரில் இறங்கமாட்டான், புழு மாத்திரையும் தவறவிடமாட்டான்.

அவனுக்குத்தான் ஈரலில் புற்றுநோய் வந்தது. அறுக்க முடியாத இடம் என்றார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் அதைச் சொல்லவில்லை. அடுத்த தடவை நத்தையோடு போனபோது, அங்கே வேலைபார்க்கும் லெய் டாக்டர் ஓடிவந்து சொன்னாளாம், "மாமா, நீங்க குடுத்த நத்தைப் புழுவோட மரபணுத் துணுக்கு ஒண்ணு, எலியோட ஈரல் கட்டியைச் சுருக்குது!"

"கட்டி சுருங்குதாம்டா தம்பி."

"எலிக்குத்தானே. நீ எலியா?"

"வாலு ஒண்ணுதான் இல்ல."

வசந்தத்தில் ஏரித் தண்ணீர் ஏறியது. மருந்தடிக்கப் போன மாவ்லின், முழங்கால் தண்ணீரில் அண்ணன் நிற்பதைப் பார்த்தான். பூட்ஸ் கரையில் கிடந்தது.

"அண்ணே! கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"மருந்தைப் புழுவுக்குள்ளேர்ந்துதானே எடுக்கிறாங்க. புழு எனக்குள்ளயே இருந்துட்டுப் போவட்டுமே."

தினமும் நின்றிருக்கிறான். மாத்திரையையும் நிறுத்திவிட்டிருந்தான்.

அவனைக் கரைக்கு இழுத்துப்போட்டுவிட்டு, மாவ்லின் நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனான். புழுவை உடம்பில் ஏற்றிக்கொண்டால் கட்டி சுருங்குமா என்று, ஏரிக்காரன் ஒருத்தன் கேட்கச் சொன்னதாகக் கேட்டான்.

லெய் டாக்டர் முகம் வெளுத்தது. "ஐயோ, கூடவே கூடாது! புழு உள்ளே போனா ஈரல் இன்னும் கெடும். அந்தத் துணுக்கை மட்டும் நாங்க தனியா செஞ்சு எலிக்கு ஊசி போடறோம். மனுஷங்களுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். வராமலும் போகலாம். யாரு கேட்டது?"

"பேரு தெரியலம்மா."

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் புழுவைக் கொன்றார்கள். அதற்குள் காய்ச்சல் கண்டு, மிச்சமிருந்த ஈரலும் போயிருந்தது. வயிறு அம்மாவுக்கு வீங்கியதுபோலவே வீங்கியது. மாவ்லின் மீன் ரசத்தைக் கரண்டியில் எடுத்து ஊட்டினான். வாய் வரைக்கும் வந்த வசவுகளை எல்லாம் விழுங்கிக்கொண்டான்.

தியெஷெங் கரண்டியை ஒதுக்கினான்.

"நான் தண்ணியில நின்னது அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம்டா. தன் வாய் வார்த்தையாலதான் நான் செத்தேன்னு நெனச்சு, வேலையையே விட்டுடும். அம்மாவைக் கொன்ன புழுவால யாராவது ஒருத்தர் பொழைக்கட்டும். அவகிட்ட சொல்லிடாதே."