பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே பதில்

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். எத்தனை பேர் இருக்கிறீர்கள், விறகடுப்பா காஸ் அடுப்பா, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கக்கூசு சொந்தமா பொதுவா. பதுளையில் அரசாங்கப் புள்ளிவிபரக் கந்தோரில் கணக்கெடுப்பாளனாகச் சேர்ந்து, கள மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்கிறார்கள். பெருமைப்பட்டுச் சொல்லிக்கொள்ளவும் ஒன்றிரண்டு சங்கதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்களுக்குப் பிரயோசனப்படப்போவது நான் விட்ட ஒரு பிழைதான். அதை மட்டும் எழுதுகிறேன்.

1. மூன்று இடம்

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு கணக்கெடுப்பு வந்தது. ஊவா மாகாணத்தில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், முஸ்லிம்கள் எப்படி எப்படி வாழ்கிறார்கள், யாருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கெடுப்பு. வினாக்கொத்து தலையணை கனம் இருக்கும். அதில் இனம் என்ற கேள்வி முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் என்ன எழுதுகிறோமோ, அதை வைத்துத்தான் மீதி எல்லாப் பதில்களையும் பிரித்து அடுக்குவார்கள்.

ஆட்பற்றாக்குறையால் மேற்பார்வையாளனான நானும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. எனக்குக் கிடைத்தவை பதுளை நகரத்தில் ஒரு தெரு, பெரகலைக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம், அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம்.

கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனேன். மண்சுவர், பாதிக் கூரை தகரம். மழையில் போஞ்சிக் கொடி முழுவதும் அழுகிப்போன கவலையில் இருந்தார். வீடு யாருடையது என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிய காணி உறுதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஏழைதான். ஆனால் நிற்கிற இடம் தன்னுடையது என்று தெரிந்த ஏழை.

அதே கேள்விக்கு லயத்தில் கிடைத்த பதில் வேறு. “தோட்டத்தோடது சேர்.” எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்றால், “எங்க தாத்தா காலத்துலருந்து” என்றார்கள். முகவரி கேட்டால் தோட்டத்து ஒப்பீஸ் முகவரியைச் சொன்னார்கள். வீட்டு வாசலுக்குக் கடிதம் வந்த வழக்கமே அங்கு இல்லை. நானும் அப்படியொரு லயத்தில் பிறந்தவன்தான். எழுதும்போது கை வலித்ததா மனம் வலித்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

2. முதல் காம்பரா

அந்த லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பம் இருக்கும் அறையும் சமைக்கிற குசினியும். பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. முந்தின வருட மழையில் மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து அளந்துவிட்டு, இங்கே இருக்கக்கூடாது, வேறு இடம் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு அந்தப் பக்கத்து மக்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெடிப்புக்கு மிகக் கிட்ட இருந்தது முதல் காம்பரா. அதன் குசினிச் சுவருக்கும் வெடிப்புக்கும் நடுவில் நாலு எட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

அங்கே இருந்தவர் புஷ்பராணி. கொழுந்து பறிக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமனார் காளிமுத்து எண்பதை நெருங்கியவர். படிவத்துக்குக் குடும்பத் தலைவர் அவர்தான்.

“வாங்க சேர், உள்ள வாங்க. கால்ல அட்ட ஏறியிருக்கான்னு பாத்துக்கங்க” என்று புஷ்பராணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். “ஐயா, இனம்னு ஒரு கேள்வி. இந்தியத் தமிழர்னு போடலாமா?”

காளிமுத்து கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சட்டென்று கீழே வைத்தார். “இந்தியான்னு எழுதாதீங்க சேர். நான் எங்கயும் போகமாட்டேன். எங்கிட்ட காயிதம் இருக்கு, காட்டுறேன்” என்று எழுந்தார். பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துவரத்தான் அந்த அவசரம்.

வெள்ளைக்காரன் தேயிலைக்கென்று கொண்டுவந்த எங்கள் ஆட்களைப் பிறகு கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிய காலத்தைப் பார்த்தவர் அவர். அந்தப் பயம் எனக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது. பதுளையில் படித்த காலத்தில் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் என்னைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. அதனாலேயே என்னுடைய படிவத்தில் நான் எப்போதும் இலங்கைத் தமிழர்.

“ஒக்காருங்கய்யா, பயப்படாதீங்க. நாம இங்க பொறந்தவங்க. இலங்கைத் தமிழர்னே போட்டுருவோம்” என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எத்தனையோ பேருக்கு நானே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த பாடம் அது.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே ஒரு முழ இடைவெளி இருக்கும். முதல் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? புஷ்பராணி கொடுத்த தேநீரை நான் குடித்து முடிப்பதற்குள் என் பேச்சு பன்னிரண்டாவது காம்பராவுக்குப் போய்விட்டது. இரண்டாவது வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே, “எங்களுக்கும் இலங்கைத் தமிழர்னே போட்ருங்க சேர்” என்றார்கள். கடைசி வீடு வரைக்கும் அதே பதில். கிராமத்தில் வீட்டுக்கு ஒரு கதை கேட்ட எனக்கு இங்கே பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பதில். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஏதோ மரியாதை வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பில் மலை இறங்கினேன்.

3. அட்டவணை

சில மாதங்கள் கழித்துப் பணிப்பாளர் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். மேசையில் நான் எடுத்த மூன்று இடங்களின் அட்டவணை விரிந்திருந்தது.

“செல்வராஜ், உங்க ஆக்கள் நல்லா முன்னேறிட்டாங்க போலயே” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே மகிழ்ச்சி.

இந்தியத் தமிழர் வரிசையைப் பார்த்தேன். கல்வீடு, குழாய்த் தண்ணீர், தனிக் கக்கூசு எல்லாம் ஏறியிருந்தன. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நான் எடுத்த படிவங்களைப் புரட்டியபோது விளங்கியது. பதுளைத் தெருவில் புடவைக் கடையும் நகைக் கடையும் வைத்திருப்பவர்கள், கல்யாணப் பட்டுக்குத் திருச்சிக்குப் போய் வருகிறவர்கள், எந்தப் பயமும் இல்லாமல் இந்தியத் தமிழர் என்று சொல்லியிருந்தார்கள். வெடிப்புக்குக் கீழே இருப்பவர்கள் பயந்து அந்த வரிசையை விட்டே வெளியே போய்விட்டார்கள். போனவர்கள் இலங்கைத் தமிழர் வரிசையில் ஆசிரியர்களோடும் எழுதுவினைஞர்களோடும் கலந்து, பாலில் விட்ட தண்ணீர் மாதிரி காணாமல் போனார்கள். ஒரு வீட்டுக்குக்கூட ஒரு ஓடு மாறவில்லை. ஆனால் அட்டவணையில் எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

பணிப்பாளர் இன்னொரு தாளை எடுத்தார். மண்சரிவு ஆபத்துள்ள லயங்களுக்கு வீடு கொடுக்கும் பட்டியல். “இந்த முறை தோட்டமா கிராமமான்னு பார்க்கல்ல. இந்திய வம்சாவளி ஆக்களுக்குன்னு வந்த திட்டம். நீங்க போன லயத்துக்கு ஆபத்து இருக்குன்னு ரிப்போட் இருக்கு. ஆனா உங்க படிவத்தில பார்த்தா அங்க இந்தியத் தமிழர் ஒருத்தருமே இல்ல. யார் எடுத்த படிவம் இது?”

“நான்தான் சேர்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தாங்கள் இந்திய வம்சாவளி என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் அந்தந்த வீட்டைத் திருத்தப் பட்டியலில் சேர்க்கலாம், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் என்றார்.

4. மை

மறுநாள் காலை பெரட்டுக்கே போனேன். வேலைக்குப் போகும் முன் எல்லாரும் பேர் கொடுக்க ஒன்றாக நிற்கும் இடம் அதுதான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

புஷ்பராணி கூடையை இறக்கி வைத்தார். “போன தடவ நீங்கதானே சேர் இலங்கைன்னு சொல்லச் சொன்னீங்க?”

“ஆமாம்மா. பிழை என்னோடதுதான்.”

“இலங்கைன்னா வீடில்ல. இந்தியான்னா வீடு. பொறந்தது இங்க, ஓட்டுப் போடுறது இங்க, கொழுந்து பறிக்கிறது இங்க. நாங்க யாருன்னுதான் சேர் சொல்லணும்?”

நான் பையிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினேன்.

பதினொரு குடும்பங்கள் கையெழுத்திட்டன. காளிமுத்து மட்டும் மறுத்துவிட்டார். நானும் புஷ்பராணியும் காம்பராவுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம்.

“எங்கண்ணன் இப்பிடித்தான் சேர் ரேகை வச்சாரு” என்றார். “என்னா எழுதியிருக்குன்னு கேக்கவேயில்ல. அப்பா ஊரு எதுன்னு கேட்டாங்க, திருச்சின்னாரு. அவ்வளவுதான். அப்புத்தளை ஸ்டேசன்ல கோச்சியேத்திட்டாங்க. கோச்சிப் பெட்டியோடவே ஓடுனேன். பெறகு அவர் மொகத்த நான் பாக்கவேயில்ல.”

புஷ்பராணி கெஞ்ச ஆரம்பித்தார். “மாமா, மழ பேஞ்சா நான் தூங்குறதே இல்ல. புள்ளைங்க ரெண்டும் அந்தச் செவுத்தோரமாத்தான் படுத்துருக்குதுங்க. எனக்காக வேணாம், அதுங்களுக்காக வைங்க மாமா.”

காளிமுத்து பிள்ளைகள் படுக்கும் சுவரோரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் நம்மாளுதானே சேர். ஒங்க ஃபாரத்துல நீங்க இந்தியான்னா போட்டிருக்கீங்க?”

நான் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். “இது வீட்டுக்குத்தான்யா. உங்கள யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. நான் பொறுப்பு.” கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் விரலை நீட்டினார். பேரப்பிள்ளைகளுக்காக நீட்டினார். அந்த விரலைப் பிடித்துத் தாளில் அழுத்தியவன் நான்.

5. மழை

பன்னிரண்டு பெயர்களும் பட்டியலில் ஏறின. இரண்டாம் கட்டம் என்றார்கள். ஒரு மேட்டில் நிலம் அளந்து முளைக்குச்சி அடித்தார்கள். நான் ஓய்வு பெற்றேன். முளைக்குச்சிகளைச் சுற்றிப் புல் வளர்ந்தது. விசாரித்துக் கடிதம் எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் வந்தது. அலுத்துப்போனேன். அலுத்துப்போகிற உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தும் அலுத்துப்போனேன்.

போன ஐப்பசி மழையில் அந்த லயத்து ஆட்களைத் தோட்டத்துப் பாடசாலைக்கு மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்புத்தளை பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். எல்லாரும் உயிர் தப்பியிருந்தார்கள். முதல் காம்பராவின் குசினிச் சுவர் மட்டும் சரிந்து, மண் பாதி அறைக்குள் வந்துவிட்டது. அவசரத்தில் உடுத்த துணியோடு ஓடிவந்ததாகப் புஷ்பராணி சொன்னார். பிள்ளைகளின் புத்தகப் பை கூட எடுக்கவில்லை.

“மாமா மட்டுந்தான் சேர் பெட்டியோட வந்தாரு. அன்னைக்கு ரேகை வச்சதுலருந்து அத கட்டித்தான் வச்சிருக்காரு. ரோட்டுல எந்த வாகனம் வந்து நின்னாலும் சட்டையப் போட்டுக்குவாரு. சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு” என்றார்.

வகுப்பறை மூலையில் ஒரு மர வாங்கில் காளிமுத்து உட்கார்ந்திருந்தார். காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. வெளியே ஆட்டோச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று பெட்டியைத் தூக்கினார்.

“வந்துட்டீங்களா சேர். எத்தன மணி கோச்சி?”

“இல்லய்யா, உக்காருங்க. மழைக்குத்தான் இங்க கொண்டுவந்து வச்சிருக்காங்க. மழ விட்டதும் போயிரலாம்” என்றேன்.

“எங்கண்ணனையும் மொதல்ல இஸ்கூல்லதான் ஒக்கார வச்சாங்க” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாண் கொடுத்தேன், பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பெட்டியில் செருகினார். பின்னேரம் நான் கிளம்பும் வரைக்கும் அந்தக் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். லயத்தில் கேட்பதாக இருந்தால் ஆளை வெளியே தனியாக அழைத்துக் கேளுங்கள். உங்கள் மனக்குறைக்கு மருந்தை அவர்கள் வாயிலிருந்து எடுக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் செய்து தர முடியாத ஒன்றுக்கு நான் பொறுப்பு என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அதைக் கேட்டு ரேகை வைத்த மனிதர்தான் இன்னும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னை அனுப்பப்போகும் கோச்சிக்குக் காத்திருக்கிறார்.