கடலில் கூப்பிட்ட பெயர்

இரண்டு பேர் போகிற கயாக் படகில் முன்னால் உட்காருகிறவருக்கு உருப்படியான வேலை ஒன்றும் கிடையாது. துடுப்புப் போடலாம், போடாமலும் இருக்கலாம். படகைத் திருப்புகிற மிதிகட்டை பின் சீட்டின் காலடியில் இருக்கிறது. அலை வந்தால் முதலில் முகத்தில் வாங்கிக்கொள்வதுதான் முன் சீட்டின் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை ஒரு குளிர்காலம் முழுக்க நான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சான் ஹோசேயில் குடியிருந்தோம். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபெண்டன்ட் விசா, அதாவது சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக்கூடாது. கோயமுத்தூரில் கல்லூரியில் கணக்கு நடத்தியவள் நான். இங்கே அபார்ட்மென்ட் ஜன்னலில் நின்று, கீழே யார் காரை யார் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயாக்கைக் கொண்டுவந்தவர் கணவரின் ஆபீஸ் நண்பர். ஒல்லியான வெள்ளைக்காரர், கடலைத் தவிர வேறெதைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார். இந்தக் கரையில் கோடையெல்லாம் பனிமூட்டமும் காற்றும்தான், குளிர்காலத்தில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே காற்று அடங்குகிற நாள்தான் நாள் என்பார். அவரை நம்பி மூன்று தமிழ்க் குடும்பங்கள் கிளம்பினோம். நாங்கள், ஒரு மெட்ராஸ் ஜோடி, ஒரு திருநெல்வேலி ஜோடி. சனிக்கிழமை காலையில் காரின் டிக்கியில் எலுமிச்சை சாதத்தையும் ஃபிளாஸ்க்கையும் வைத்துக்கொண்டு 280 ஃப்ரீவேயில் போய், 92-ஆம் சாலையில் மலை ஏறி இறங்கினால் ஹாஃப் மூன் பே. துறைமுகத்துக்குள் தண்ணீர் குளம் போல இருக்கும். அலையைத் தடுக்கிற கல்சுவரைத் தாண்டிவிட்டால் செங்குத்தான மண்சரிவும் கறுத்த பாறைகளும், எலும்பில் இறங்குகிற குளிரும்தான்.

மூன்று ஜோடி, மூன்று இரட்டைப் படகு. ஆண்கள் பின்னால், பெண்கள் முன்னால். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. ஸ்கூட்டரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாராவது பேசி முடிவு செய்தார்களா என்ன. இரண்டாவது குளிர்காலம் தொடங்கியதும் எனக்குத் தனிப் படகு வேண்டும் என்றேன். கணவர் சிரித்தார். மெட்ராஸ்காரர், முன் சீட்டில் ஜாலியாக வருவதை விட்டுவிட்டு எதற்கு வம்பு என்று கேட்டார். அந்த ஜாலியை அவரையே அனுபவிக்கச் சொன்னேன்.

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. தனிப் படகுக்கு இரண்டு நிபந்தனை என்றார். ஒன்று, கவிழ்ந்தால் நானே திரும்ப ஏற வேண்டும். இரண்டு, தண்ணீரில் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் பெயர், பிறகு விஷயம். அலைச் சத்தத்தில் வேறெதுவும் எடுபடாது என்றார்.

முதலாவதை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். துறைமுகத்துக்குள் என்னை நானே கவிழ்த்து, பல் கிடுகிடுக்க, முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு ஏறினேன். இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் கணவர் பெயரை நான் சொன்னதே இல்லை. "ஏனுங்க" என்பேன், திரும்புவார். குடும்பம் நடத்த அது போதுமானதாகவே இருந்தது.

பக்தி, பதிவிரதை என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டை என்று வந்தால் அவரை நான் சொல்லாத சொல் கிடையாது. பெயர் மட்டும் வராது. அது முருகனின் பெயர்களில் ஒன்று. கோயிலில் எல்லோரும் சேர்ந்து போற்றி சொல்லும்போது, அந்த ஒரு போற்றி வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பேன். ஆளில்லாத வீட்டில், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வந்தது. மீதி தொண்டையிலேயே நின்றுகொண்டது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், என் வீட்டுக்காரரை நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் சட்டம் போடுவது. விசில் ஊதுகிறேன் என்றேன். விசில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லுமே தவிர, யாரை என்று சொல்லாது என்றார். பெயர் இல்லையென்றால் தனிப் படகும் இல்லை. கணவர் ரொம்பப் பெருந்தன்மையாக, தன் படகின் முன் சீட்டு எனக்காகக் காலியாகவே இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. ஆபீஸில் அவருடைய முழுப் பெயர் யார் வாயிலும் நுழையாமல், அதை மூன்று எழுத்தாக வெட்டி வைத்திருந்தார்கள். அந்த மூன்று எழுத்து முருகன் பெயரும் இல்லை, என் மாமியார் வைத்த பெயரும் இல்லை. அதைச் சொன்னால் எந்தத் தாலிக்கும் சேதமில்லை. அடுத்த சனிக்கிழமை கரையில் நின்று அந்த மூன்று எழுத்தை வயிற்றிலிருந்து கத்தினேன். கணவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருந்தார், கையை உயர்த்தினார். வெள்ளைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குத் தனிப் படகு கிடைத்துவிட்டது. பரீட்சையில் பிட் அடித்துப் பாஸ் செய்த கணக்கு டீச்சர் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மஞ்சள் படகு, என் காலடியில் மிதிகட்டை, நான் நினைத்த பக்கம் திரும்புகிறது. சந்தோஷத்தில் எலுமிச்சை சாதத்தை இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

தனிப் படகு கிடைத்த மூன்றாவது வாரம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கணவரும் தனிப் படகில் வந்தார். மற்ற இரண்டு ஜோடிகளும் இரட்டைப் படகில், வெள்ளைக்காரர் எல்லோருக்கும் முன்னால் வெகுதூரத்தில். பாறைகளை ஒட்டிப் போகும்போது கவனம் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். இங்கே தண்ணீருக்கு அடியில் முங்கிக் கிடக்கிற கல் உண்டு. பத்து அலை சாதுவாக மேலே ஏறிப் போகும், பதினோராவது அலை அதில் மோதி ஒரு ஆள் உயரத்துக்கு எழும். அதனால் நுரை கோலம் போட்டிருக்கிற இடத்துக்குப் போகவே கூடாது.

கணவர் நேராக அங்கேதான் போனார். போனார் என்றுகூடச் சொல்ல முடியாது, துடுப்பை மடியில் வைத்துவிட்டார், தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. பாறையில் ஒரு கடல்நாய் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இவர் நனையாத யூஸ் அண்ட் த்ரோ கேமராவைக் கண்ணில் வைத்து அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். காதை மூடி மங்கி குல்லா. நான் ஐம்பது அடி பின்னால் இருந்தேன். கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் தண்ணீர் வரி வரியாகத் தடித்து வந்துகொண்டிருந்தது.

மூன்று எழுத்தைக் கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். கடல்நாய்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது. "ஏனுங்க" என்று கத்தினேன். மெட்ராஸ்காரர் திரும்பினார். திருநெல்வேலிக்காரரும் திரும்பினார். ஆளாளுக்கு "ஏங்க", "ஏனுங்க" என்றே பழகிய கூட்டம், கூப்பிட்டது தன் வீட்டுக்காரிதான் என்று நினைத்து இரண்டு பேரும் முன் சீட்டைப் பார்த்தார்கள். என் கணவர் ஃபிலிமைச் சுற்றி அடுத்த படத்துக்குக் குறி பார்த்தார்.

அப்போது அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஐந்து வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது முழுசாக, மாமியார் வைத்த மாதிரியே, முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டாமல் வந்தது. கூடவே, "பின்னால தள்ளு!" என்றேன். தள்ளுங்க என்று சொல்ல நேரம் இருக்கவில்லை.

சாட்டையால் அடித்த மாதிரி திரும்பினார். கேமராவை விட்டார், துடுப்பைப் பிடித்தார், மூன்று தள்ளுப் பின்னால் வந்தார். அவர் இருந்த இடத்தில் கடல் எழுந்து நின்று விழுந்தது. அதன் வெள்ளம் அவரைப் பக்கவாட்டில் தூக்கி என்மேல் கொண்டுவந்து மோதியது. இரண்டு படகும் உரசிக்கொண்டு நின்றன. அவர் குல்லாவிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவர் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயத்தில்தான், மறைப்பானேன். அவர் போயிருப்பார் என்று ஒரு நொடி முழுசாக நம்பியிருந்தேன்.

கரைக்கு வந்ததும், நடந்ததைத் தெரிந்துகொண்டு வெள்ளைக்காரர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார், முதலில் கூப்பிட்ட பெயருக்கு இவன் ஏன் திரும்பவில்லை என்று. கணவரே பதில் சொன்னார். யாரோ வெள்ளைக்காரர்கள் எவனையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம், சனிக்கிழமை அந்தப் பெயருக்கு லீவாம். நான் செய்த தில்லுமுல்லை ஒப்புக்கொண்டேன். படகைப் பிடுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, இன்றைக்குத்தான் நான் பாஸ் என்றார்.

 காரில் 92-இன் மலை ஏறியதும் கணவர், "அத்தன பேர் முன்னாடி தள்ளுங்கற. வாடா போடா மட்டுந்தான் பாக்கி" என்றார். அடுத்த வாரம் டபுள்ஸிலேயே போய்விடலாம், பக்கத்திலேயே இருந்தால் கத்தவே வேண்டாமே என்றார்.

"போலாமுங்க. நீங்க முன்னாடி உக்காந்துக்கங்க" என்றேன். கணவர் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலிங் கார்டில் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பேசும்போது, உயிர் பிழைத்த கதையை அவரே மாமியாரிடம் சொன்னார். அலையைப் பற்றி ஒரு வரி, பெயரைப் பற்றி ஒன்பது வரி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். அங்கே குரல் ஏற்கெனவே உயர்ந்திருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியாமா கண்ணு?"

"கூப்பிட்டேனுங்கத்தை. திரும்பிப் பாத்தாருங்க."

 கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மாமியார் மூக்கை உறிஞ்சினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"செரி. கடல்ல வேணாக் கூப்பிட்டுக்க. மத்த எடத்துல வேண்டாம்."

கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செரிங்கத்தை. கடலுக்கு நாங்க வாராவாரம் போறமுங்க" என்றேன்.