கல் போட்டு ஆட்டிய தொட்டில்

தொட்டில் கடைக்கு யாரும் தூங்கி எழுந்த முகத்தோடு வருவதில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. தூளி கட்டும் கொக்கி, ஸ்பிரிங், கயிறு, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இதை ஆரம்பித்தபோது, சாமான் விற்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். வருகிறவர்கள் கேட்பதோ தூக்கத்தை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போன உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெறுந்தொட்டில்

கடை திறந்த புதிதில் விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா, மாசமாக இருந்த மகளோடு வந்தார். ஸ்பிரிங் எப்படி ஆடும் என்று காட்ட, மாட்டி வைத்திருந்த தொட்டிலை ஓர் இழுப்பு இழுத்தேன். அவர் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் என் கைக்குத்தான் ஞாபகம் வரவில்லை. எதுவும் வாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், கடையில் உதவிக்கு இருக்கும் ராணி தன் வீட்டு ஆட்டுக்கல் குழவியைக் கட்டைப் பையில் தூக்கி வந்தாள். கிரைண்டர் வாங்கியதிலிருந்து அது மூலையில்தான் கிடக்கிறதாம். பேர் வைக்கும்போது முதலில் குழவியைத்தானே தொட்டிலில் போடுகிறோம், அதையே போட்டுவைப்போம் என்றாள். கழுவித் துடைத்து, பூத்துண்டு சுற்றி, தலைமாடு கால்மாடு பார்த்துப் படுக்கவைத்தாள்.

"இனிமே எவ்ளோ வேணா ஆட்டிக் காட்டுங்கக்கா. இது அழாது."

ஒரு விரல் போதும்

செந்திலுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நைட் ஷிப்ட். மனைவி வளர்மதிக்குப் பெரம்பலூரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் வந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் நாலு மாசப் பெண் குழந்தை பகலெல்லாம் அப்பா பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. குழந்தைதான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா மடியைத் தவிர வேறெங்கும் கண்ணை மூடமாட்டேன் என்றது.

செந்தில் தனியாக வந்து, கரண்டில் தானே ஆடுகிற தொட்டில் கேட்டார். ஸ்பிரிங்கே போதும், ஒரு விரலால் இழுத்துவிட்டால் ஆடும் என்றேன். கடையில் இருந்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக மாட்டச்சொல்லி, குழவியை வைத்தே ஆட்டிப் பார்த்தார். மெல்லியதெல்லாம் கல்லின் கனத்தில் தரையைத் தொட்டது. கெட்டியான ஒன்று மட்டும் கல்லைப் பூப்போலத் தாலாட்டியது. தொட்டிலோடு அதையே எடுத்துக்கொண்டார். கண்ணிரண்டும் சிவந்திருந்தன. படியிறங்கியவர் திரும்பி நின்று கேட்டார்.

"ஒரு விரல் போதும்னீங்க. அந்த விரலும் தூங்கிட்டா என்னக்கா பண்றது?"

மிக்ஸி

இரண்டு நாள் கழித்து வந்தார். சாமானைக் குறை சொல்லவில்லை, புலம்பத்தான் வந்திருந்தார். அம்மா முகம் தெரிந்தால் குழந்தை இவரைத் திரும்பியும் பார்க்காதாம். அதனால் வளர்மதியைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தொட்டிலில் போட்டிருக்கிறார். ஆட்ட ஆட்ட அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாயிற்று. வளர்மதியின் நைட்டியைத் தோளில் போட்டுப் பார்த்தாயிற்று. மிக்ஸி சத்தத்துக்கு மட்டும் குழந்தை வாயை மூடுகிறது, நிறுத்தினால் மறுபடி ஆரம்பம். வெறும் மிக்ஸி ஓடினால் கெட்டுவிடுமே என்று தண்ணீரை ஊற்றி அரைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாராம்:

"அப்புடி என்னதான் தம்பி நாள் பூரா அரைக்கிற? ஒரு கிண்ணம் சட்னியாச்சும் குடேன்."

கல்லுக்குப் பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வந்தார்கள். தொட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே லேப்காரர் வீட்டுக்குப் போய், வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிடப் போகிறார்களாம். செந்தில்தான் சொன்னார். வளர்மதி தோளில் சிணுங்கிய குழந்தையைத் தட்டிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டிலில் துண்டு சுற்றிக் கிடந்ததைப் பொம்மை என்று நினைத்து ஒரு கையால் தூக்கப்போனாள். அது அசையவில்லை. துண்டை விலக்கிப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இத வச்சா ஆட்டிப் பாத்தீங்க? கல்லுக்குப் பாத்துல்ல வாங்கியிருக்கீங்க. நம்ம பாப்பா இதுல பாதி கனம் வருவாளா?"

டீக்கடை வரைக்கும்

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்லைத் தாலாட்டும் ஸ்பிரிங், குழந்தையை வெடுக் வெடுக்கென்று உதறியிருக்கிறது. ராணி குழவியை இறக்கினாள். நான் இருப்பதிலேயே மெல்லியதை மாட்டினேன். வளர்மதி குழந்தையைச் செந்திலிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் சொல்லாமலே டீக்கடை வரைக்கும் போய் நின்றுகொண்டாள்.

குழந்தை கத்தியது. செந்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விரலால் இழுத்தார். தொட்டில் நிதானமாக இறங்கி ஏறியது. நானும் ராணியும் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். கத்தல் விசும்பலானது, விசும்பல் முனகலானது. அந்த நேரம் பார்த்து ஒரு திருச்சி பஸ் ஹாரன் அடித்தது. பிஞ்சுக் கை ஒருமுறை விரிந்து மூடியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செந்திலின் தலையும் சுவரில் சாய்ந்துவிட்டது. விரல் மட்டும் கயிற்றை விடவில்லை.

வளர்மதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இனி லேப்காரர் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை, நாளைக்கு லேபுக்கே போகலாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இல்லாமலும் தூங்குறாளேக்கா."

பிள்ளை அழுகையை நிறுத்திய பிறகுதான் அம்மாவுக்கு ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொண்டதால், இப்போது அம்மாக்கள் உட்காரவும் கடையில் இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறேன்.