மூன்றாவது கதவு

அந்தத் தெருவில் தையற்காரி என்றால் யாருக்கும் தெரியாது. கார்க்காரி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். இத்தனைக்கும் அவளிடம் கார் கிடையாது. கல்யாணமான புதிதில் டிவி விளையாட்டுப் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்றுவரை போய், மூன்று கதவுகளில் மூன்றாவதைத் திறக்கச் சொல்லி, காரைக் கோட்டைவிட்டவள் அவள். கார் இரண்டாவது கதவுக்குப் பின்னால் நின்றது.

“முன்வரிசையிலேர்ந்து ‘ரெண்டு, ரெண்டு’ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். காதுல வாங்கினாளா?” என்பது அவள் கணவரின் பல்லவி. வந்தவர் போனவரிடமெல்லாம் பாடியாயிற்று. அவளுக்கோ அன்று விளக்கு வெளிச்சத்தில் கண்ணும் தெரியவில்லை, கூச்சலில் காதும் கேட்கவில்லை. அதனால் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து சுவரின் நிறம் முதல் மகளின் கல்லூரிவரை எல்லா முடிவும் அவர் கையில்தான்.

இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூலைக்கடை ஒன்று காலியாகியிருந்தது. சமையலறை ஓரத்தில் குக்கர் ஆவியில் வெந்துகொண்டே தைத்தவளுக்கு அந்தக் கடைமேல் உயிர். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் கடைக்குச் சொந்தக்காரர்.

“நீ முடிவெடுக்கிற லட்சணத்தைத்தான் அன்னைக்கே பார்த்தோமே” என்று கணவர் சிரித்தார்.

மகளுக்குப் பழைய டிவி போட்டிகள் என்றால் பைத்தியம். யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டுகளைத் தலைப்பும் தேதியும் இல்லாமல், நடுநடுவே சோப்பு விளம்பரத்தோடு, இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவற்றைச் சலித்துக்கொண்டிருந்தவள் அன்று மத்தியானம் கூப்பிட்டாள். “அம்மா, ஓடி வா. நீ வர்ற.”

மூவரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் ஒல்லியாக அவள். தானே தைத்த சட்டை, காலர் கொஞ்சம் கோணல். கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. அங்கே கணவர், வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, மேலே தொங்கிய டிவியில் தன் முகத்தைப் பார்த்தபடி நிதானமாகத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

“எங்கேப்பா அந்த ரெண்டு?” என்றாள் மகள்.

“அது... முன்னாடியே கத்தி முடிச்சிருப்பேன்.”

“ரீவைண்ட் பண்ணட்டுமா?”

“வேணாம். முடி எவ்வளவு அடர்த்தி பாரு.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. மூன்றாவது கதவு திறந்தது. உள்ளே ஒரு வாளியும் துடைப்பமும். அந்த நிமிஷம் கூனிக் குறுகி நின்றதாகத்தான் அவளுக்கு ஞாபகம். திரையில் இருந்தவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாளியையாவது குடுப்பீங்களா?” என்று கேட்டாள். அரங்கமே கைதட்டியது.

அந்தப் பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவளைப் போய் இத்தனை வருஷம் அவமானம் என்று மூடி வைத்திருந்தோமே என்று ஆத்திரமும் வந்தது. போனை எடுத்தாள்.

“ஐயா, அந்தக் கடை எனக்குத்தான். நாளைக்கு வந்து சாவி வாங்கிக்கிறேன்.”

கணவர் தொண்டையைச் செருமினார். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“கத்துறதா இருந்தா இப்பவே கத்திடுங்க. இன்னைக்கு நல்லா காது கேக்குது.”

அவர் கத்தவில்லை.