சித்தியின் பெயரில் ஒரு கதை

சித்தப்பாவின் கதைகள் மெட்ராஸுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வரும். தபால்தலை ஒட்டிய உறையை அவரே உள்ளே வைத்து அனுப்புவதால் பத்திரிகைக்காரர்களுக்கு அதில் சிரமம் ஏதும் இல்லை. பம்பாய் மாதுங்காவில் எங்கள் மூன்றாம் மாடிக்குத் தபால்காரர் மூச்சு வாங்க ஏறி வந்து, மராத்தியில் முனகிக்கொண்டே தடித்த உறையை நீட்டுவார். அன்று சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பெண்கள் எழுதினால் உடனே போட்டுவிடுகிறார்கள் என்று லோக்கல் டிரெயினில் யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த கதை சித்தியின் பெயரில் போயிற்று. கையெழுத்தும் பெண்ணுடையதாக இருக்க வேண்டுமாம். அதனால் பிரதி எடுக்கும் வேலை சித்திக்கு. வாசித்துக் காட்டும் வேலை எட்டு வயதுப் பெண்ணான எனக்கு. கணவனிடம் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனவள் திரும்பி வந்து அவன் காலில் விழுகிற கதை அது. கடைசிப் பக்கம் வந்ததும் சித்தி, "போறும்டி, நீ போய் விளையாடு" என்றாள். நான் போகவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே அவள் எழுதி முடித்தாள்.

கதை வந்தேவிட்டது! சித்தப்பா ஸ்டேஷன் கடையில் நான்கு பிரதிகள் வாங்கி வந்து, மாடியில் இருந்த எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கப் படித்தார். கடைசியில் குரல் தடுமாறியது. அச்சில், காலில் விழுந்தவன் கணவன். அவளோ யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவனை அனுப்பிவிடுகிறாள்.

"என் முடிவுல கை வைக்க அந்த எடிட்டர் யாரு?" என்று குதித்தார்.

என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். மாட்டிக்கொண்டால் சித்தியை நிஜமாகவே பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவாரோ?

எடிட்டரைத் திட்டி மூன்று பக்கம் எழுதினார். கையெழுத்து மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அதையும் சித்திதான் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. நான் வாசிக்க வாசிக்கத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எழுதியதென்னவோ நாலே வரி.

பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு கார்டு வந்தது: 'அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். அடுத்த கதையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.'

"பாத்தியா? ஒரே கடுதாசி, பய வழிக்கு வந்துட்டான்!" என்று சித்தப்பா அன்றே அடுத்த கதைக்கு உட்கார்ந்தார்.

அவர் குளிக்கப் போனபோது சித்தி அந்தக் கார்டை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அதுவரை அவளுக்காகப் பயந்து செத்த எனக்கே ஆத்திரமாக வந்தது. சித்தப்பாவுக்கு வந்த கார்டைத் திருடுகிறாளே என்று நினைத்தேன். அதன் மேல் இருந்தது அவள் பெயர்தான் என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.