காய்ச்சல் விட்ட நாள்

குறிஞ்சாக்கேணியில் உம்மு குல்சும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘கோடாலிக் குல்சும்’ என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வழி காட்டும். மாரி தொடங்கினால் அவள் கோடாலியைத் தீட்டத் தொடங்குவாள். மழைத் தண்ணீர் தேங்குகிற எதுவும் அவளுக்கு எதிரி. ஓட்டை வாளி, பழைய டயர், ஒழுங்கையில் யாரோ எறிந்த தொட்டி, எல்லாம் அவள் கையால் சிதறும். பைத்தியம் என்றார்கள். அந்தக் கோடாலியை ஓங்கியது பெற்ற வயிறு என்பதை அவர்கள் எங்கே அறியப்போகிறார்கள்?

ஒரே மகள் ஜுமானாவை டெங்கு கொண்டுபோயிருந்தது. காய்ச்சல் கொதித்த நாட்களில் குல்சும் கண் மூடவில்லை. காய்ச்சல் விட்டதும் அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று பிள்ளைக்குத் தலைக்கு வார்த்து, சோறூட்டி, அசதியில் தானும் உறங்கிப்போனாள். எழும்பிப் பார்த்தபோது பிள்ளையின் கையும் காலும் பனிக்கட்டி. ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு நின்றது.

“இந்தக் காய்ச்சல் விடுற நேரம்தானம்மா ஆபத்து. அப்பதான் புள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரோணும்” என்று தாதி ஒருத்தி சொன்ன சொல், ஆணியாய் இறங்கி நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

மகளின் மையத்தை அடக்கிய மறுநாள் வேலிக்கு அப்பால் பார்த்தாள். அது அவளுடைய கூடப்பிறந்த தம்பி முனாஸின் வளவு. கடலுக்குப் போகாத பழைய தோணி ஒன்று அங்கே மழைத் தண்ணீரைச் சுமந்து கிடந்தது. தண்ணீர் முழுக்க, டெங்கைக் கடித்துப் பரப்புகிற நுளம்பின் புழு நெளிந்தது. குல்சும் போய்த் தோணியின் வயிற்றைக் கோடாலியால் பிளந்தாள். முனாஸ் துடுப்பை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். முன்பல் இரண்டு இரத்தத்தோடு தெறித்து விழுந்தன.

அன்றோடு அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. ஊரார் கூடி, இனித் தோணியைத் தொடுவதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கினார்கள். முனாஸ் பிளவை ஒட்டி, வீம்புக்கு அதே இடத்தில் தோணியைப் போட்டான். சுகாதாரப் பரிசோதகர் வருகிற நாளில் கவிழ்த்து வைப்பான். அவர் தலை மறைந்ததும் நிமிர்த்திவிடுவான்.

கணவன் லாபிர் வெளிநாட்டு வேலைக்குக் கட்டாரில். தனித்துப்போன குல்சும், ஜுமானாவின் பள்ளிக்கூடப் பையைக் கதவோரம் மாட்டி வைத்தாள். போர்வை, துவாய், பிளாஸ்க், மாற்றுடுப்பு, கைக்காசு, எல்லாம் அதற்குள் தயார். “புள்ளை இல்லாதவளுக்கு ஆஸ்பத்திரிப் பை எதுக்காம்?” என்று அயலுக்குள் சிரித்தார்கள்.

மூன்றாவது மாரியில் முனாஸின் மகள் நப்லா காய்ச்சலில் விழுந்தாள். வேலிக்கு இப்பால் நின்று அந்த முனகலைக் கேட்டுக்கேட்டுக் குல்சும் செத்தாள். ஒருநாள் பின்னேரம், கூரையை மழை அடித்து நொறுக்கிய வேளையில், தம்பியின் குரல் சந்தோஷமாய்க் கேட்டது.

“புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு நிஹாரா. தலைக்கு வார்த்துவிடு. நான் கோழியை அறுக்கிறன்.”

குல்சும் பஹ்மியின் ஓட்டோவுக்குப் போன் பண்ணினாள். ஒரு தோளில் பை, மறு தோளில் கோடாலி. வேலியை வெட்டிச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

முற்றத்தில் அறுபட்ட கோழி துள்ளித் துள்ளி விழுந்தது. முனாஸின் கையில் கத்தி. அதிலிருந்து மழையோடு இரத்தம் வழிந்தது.

“ஆர்ட வளவுக்குள்ள வாறாய்?”

“புள்ளையைத் தா.”

“உன்ட புள்ளையைத் தின்னது காணாதெண்டு என்ட புள்ளைக்கு வந்திருக்கிறாயா?”

அந்தச் சொல் கத்தியை விட ஆழமாய் வெட்டியது. ஆனாலும் அவள் நிற்கவில்லை. அறைக்குள் நப்லா ஈரத் தலையோடு கதிரையில் துவண்டு கிடந்தாள். குல்சும் பாதத்தைத் தொட்டாள். அதே குளிர்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த முனாஸின் மனைவி நிஹாரா நிமிர்ந்தாள். “வயிறு நோகுதெண்டு அழுறாள் மதினி. விடிஞ்சதிலிருந்து ஒண்டுக்கும் போகல்ல.”

குல்சும் பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். வாசலை மறித்து நின்ற முனாஸ் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். பிள்ளை நழுவப் பார்த்தது. அதற்குமேல் அவள் பொறுக்கவில்லை. கோடாலியைத் திருப்பி, அதன் பிடரியால் அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

“கொலைகாரி” என்று அலறிக்கொண்டு அவன் சேற்றில் விழுந்தான். கோடாலியை அவ்விடமே எறிந்துவிட்டு அவள் ஓடினாள். பின்னால் நிஹாரா ஓடினாள்.

ஓட்டோவுக்குள் பிள்ளையின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டிச் சட்டையெல்லாம் நனைந்தது. “என்ட ராசாத்தி, கண்ணைத் திற. மாமி வந்திருக்கிறன்.” குல்சும் அந்தச் சில்லிட்ட பாதங்களைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். ஊசி, சேலைன், இரத்தம். காத்திருந்து காத்திருந்து நிஹாராவின் கண்ணீரும் வற்றியபிறகுதான் டொக்டர் வெளியே வந்தார்.

“தப்பிட்டா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எங்களாலயும் ஏலாமப் போயிருக்கும்.”

சட்டை மாற்றச் சொன்னார்கள். நிஹாரா பையைத் திறந்தாள். கடைமடிப்புக் கலையாத மஞ்சள் கவுண் ஒன்று இருந்தது. நப்லாவுக்கு அளந்து தைத்ததுபோலப் பொருந்தியது. ஜுமானாவின் சின்ன உடம்புக்கு அது என்றைக்கும் பொருந்தியிராது.

முறிந்த கையை ஏந்திக்கொண்டு முனாஸ் வார்ட் வாசலில் நின்றான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

“இது ஆருக்கு வாங்கினது ராத்தா?”

மூன்று மாரிக்குப் பிறகு தம்பியின் வாயிலிருந்து வந்த முதல் ராத்தா.

“கொடியில காயிற உன்ட மகள்ட சட்டையைப் பாத்து அளவு எடுப்பன். மாரிக்கு மாரி பெரிசா வாங்கி வைப்பன். வளர்ற புள்ளைதானே.”

அவன் சுவரோடு தலையை மோதினான். மோதிக்கொண்டே இருந்தான்.

“சுவரை உடைக்காத. போய்க் கையைக் கட்டு” என்றாள் குல்சும்.

மறுநாள் நப்லா கஞ்சி கேட்டாள். மாமியே ஊட்டினாள். அந்த நேரம் போன் அடித்தது.

“ராத்தா, தோணிக்கு முன்னால நிக்கிறன். உன்ட கோடாலி எங்க?”

“உன்ட வாசலிலதான் எறிஞ்சனான். சேத்துக்குள்ள தேடு.” பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, “இடக்கையால கவனமா வெட்டு” என்றாள். “அதுவும் முறிஞ்சா உனக்கும் நான்தான் ஊட்டோணும்.”

அந்தப் பக்கம் மரம் பிளக்கிற முதல் சத்தம் கேட்டது. போனை வைக்காமல், கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டபடியே, குல்சும் ஒவ்வொரு வெட்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.